சாவி அண்ணனும் மகாராணியும்

நான் அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்த புதிதில், காலையில் போனால் என் வாளியில் வெந்நீர் தயாராக இருக்கும். முட்டி வலியோடு கீழ்த்தளத்திலிருந்து நான் தூக்கி வரவேண்டிய தண்ணீர். வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது, கொண்டுவந்து வைத்தது சாவி அண்ணன் என்று. கேட்டதற்கு, "குரங்குக்குத் தூக்கினேன், மிஞ்சிப்போச்சு" என்றார். நானும் அப்படியே விட்டுவிட்டேன். அவரை அனுப்பியவன் மேலே இருக்கிறவன் என்று எனக்குத் தெரியும்.

குரங்குகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. இடுப்பில் கூண்டுச் சாவிகள் கொத்தாகத் தொங்கும்; நடந்தால் சலங்கை கட்டின மாதிரி இருக்கும். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகள் வெளியூரில். மகாராணி என்ற பெண் குரங்கின் மேல்தான் அவருக்கு உயிர்.

மகாராணிக்கும் வேலை உண்டு. திரையின் நடுப்புள்ளியைப் பார்த்தபடியே ஓரத்துக் கட்டத்தில் கவனம் வைக்கவேண்டும். கட்டம் நிறம் மாறினால் கையருகே இருக்கும் பிடியை அழுத்தவேண்டும், மாறாவிட்டால் சும்மா இருக்கவேண்டும். சரியாகச் செய்தால் வாயில் பழச்சாறு. அவள் மூளையில் ஒரே ஒரு செல்லின் துடிப்பை, மயிரிழை போன்ற கம்பி எடுத்து ஒலிபெருக்கிக்குக் கொடுக்கும். கண் அசையாமலே மனசு அந்தக் கட்டத்துக்குப் போனால் செல் படபடவென்று பொரியும். மனசு விலகினால் அடங்கிவிடும். கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்துகொண்டே அடுப்பில் வைத்த பாலை நினைக்கிற எனக்கு இது நன்றாகவே புரிந்தது.

ஒரு சமயம் செல் நடுநடுவே அடங்க ஆரம்பித்தது. மகாராணி பிடியைத் தப்புத்தப்பாக அழுத்தினாள். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா ஒலிபெருக்கி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கண்டுபிடித்துவிட்டார்.

"அண்ணே, உங்க சாவிதான்! நீங்க வெளிய நடந்தா இவ மனசும் பின்னாடியே வந்துடுது."

அண்ணன் முகமெல்லாம் பெருமை. அடுத்த பேச்சில் அது இறங்கிவிட்டது.

"இப்படியே போனா உங்களை எலிப் பிரிவுக்குத்தான் மாத்தணும்."

அன்று அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. மறுநாள் சாவிகளுக்குத் துணி சுற்றிப் பூனை மாதிரி நடந்தார். வந்தது வினை! வழக்கமான சத்தத்தைக் காணோமே என்று மகாராணி கதவுப் பக்கமே காதை வைத்துக்கொண்டாள். ஒலிபெருக்கியில் பேச்சு மூச்சில்லை.

"வந்தாலும் தப்பு, வராட்டியும் தப்பா?" டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என் பொண்டாட்டிகூட என்னை இப்படித் தேடினதில்லம்மா."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, உள்ள வந்து உக்காருங்க. உங்களைக் கண்ணால பாத்தாவது வேலையில மனசு வைக்குறாளான்னு பாப்போம்."

அண்ணன் ஓரமாக முக்காலி போட்டு உட்கார்ந்தார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்தேன். மகாராணி அவரை ஒரு பார்வை பார்த்தாள், 'வந்துட்டியா, சரி' என்பது போல. பிறகு கண்ணைத் திரைக்குத் திருப்பினாள். செல் பொரிந்தது பாருங்கள், தகரக் கூரையில் மழை கொட்டின மாதிரி! டாக்டரம்மா கைதட்டப் போய், சட்டென்று நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டார். நான் துடைப்பத்தைப் பிடித்தபடியே கடவுளைக் கும்பிட்டேன்.

அந்த ஆராய்ச்சி முடியும்வரை முக்காலி அவருக்குத்தான். அதன்பின் மகாராணியை, மற்ற குரங்குகளோடு மரங்களில் திரியும்படி ஒரு பெரிய காப்பகத்துக்கு அனுப்பினார்கள். அண்ணனே கூடப் போய் விட்டுவந்தார். அவருக்கும் ஓய்வுபெறும் நேரம், மகளிடம் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலில், "எப்படிப் போனா அண்ணே?" என்று கேட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"கூப்பிட்டுப் பாத்தேன் தங்கச்சி. கழுத, திரும்பியே பாக்கல! மனசு முழுக்க அந்த மரத்து மேலயே இருந்துச்சு. எனக்கு அது போதும்."