கட்டைவிரல் படாத பழம்

ஆம்பூரில் என் கட்டைவிரலை அறியாதவர்கள் குறைவு. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும்; பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவன் நான். தோல் பதனிடும் டேனரியில் ஈரத்தோல் சுமந்தேன். பிறகு தோலை ரகம் பிரிக்கும் மேசைக்கு வந்தேன். விரித்த தோலில் கட்டைவிரலால் ஒரே அழுத்து. எது ஷூவுக்கு ஆகும், எது ஆகாது என்று சொல்லிவிடுவேன். மிஷின் வைத்துப் பார்த்தவர்களும் கடைசியில் என் விரலைத்தான் கேட்டார்கள். சொந்தமாக ஷூ கம்பெனி வைத்ததும் அந்த விரலால்தான்.

கம்பெனியை மகன்களிடம் விட்டபின், கணியம்பாடி நிலத்தில் பச்சை வலைப்பந்தல் போட்டு ஸ்ட்ராபெர்ரி நட்டோம். ஆசை என் மனைவியுடையது. மகன்களுக்கோ அங்கே குடோன் கட்ட எண்ணம். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். வாணியம்பாடியில் பழக்கடை வைத்திருக்கும் பாய் என் பழைய தோஸ்த். அவர் பழத்தை ஏற்றுக்கொண்டால் தோட்டம், திருப்பி அனுப்பினால் குடோன்.

இரண்டு ரகம் வைத்திருந்தோம். கேமரோசா கெட்டி, பளபளப்பு, கொஞ்சம் புளிப்பு. ஸ்வீட் சார்லி மிருது, நல்ல இனிப்பு. அழுத்திப் பார்த்ததுமே கெட்டிதான் சந்தைக்கு என்று தீர்ப்புச் சொன்னேன்.

"தோலு பாக்கற மாதிரியே பாக்கறீங்களே, இத்த யாரு கால்ல மாட்டப் போறாங்க?" என்றாள் மனைவி. அவளுக்கு மிருதுதான் பிடித்தது.

சரி, இரண்டையும் அனுப்பிப் பார்ப்போம் என்று விடிகாலையில் பறித்தோம். என் கைக்கு வராமல் ஒரு பழமும் பெட்டிக்குள் போகவில்லை. ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்துத்தான் அடுக்கினேன். நாற்பது வருஷப் பழக்கம்.

மதியம் பாய் போன் செய்து வரச் சொன்னார். ரம்ஜான் மாதம், கடையில் கூட்டம். பெட்டிகள் திறந்து கிடந்தன. மிருதுப் பழங்களில் கறுத்த பள்ளம், கெட்டிப் பழங்களில் லேசான தடம்.

"இன்னா மொதலாளி, ஒவ்வொரு பழத்துக்கும் கைநாட்டு வெச்சி அனுப்பிகிறீங்க?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. கையெழுத்துப் போடக் கற்கும்வரை நிஜமாகவே கைநாட்டு வைத்தவன் நான்.

"அந்த மெதுவான ரகம் ஆவாது பாய். நாளைக்கே புடுங்கிப் போட்டுர்றேன்."

பாய் என் கையைப் பிடித்து, கட்டைவிரலை ஒரு பழத்தின் பள்ளத்தில் வைத்தார். அச்சு அசலாகப் பொருந்தியது.

"பழம் இன்னா பண்ணுச்சி? எல்லாம் இது பண்ண வேலை," என்று விரலைத் தட்டினார். அடிபடாத பக்கமாகப் பார்த்து இரண்டு ரகத்திலும் ஒவ்வொன்றை எடுத்து வைத்துக்கொண்டார். "நோம்பு தொறந்துட்டு சொல்றேன்."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மனைவி திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் வாயே திறக்கவில்லை. அது திட்டை விட ஜாஸ்தி. பொழுது சாயும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மணி அடித்தது.

"புளிப்பு வேணாம் மொதலாளி. நாளெல்லாம் காஞ்ச வாய்க்கு அந்த மெதுவானதுதான். காலைல வந்தா சாயங்காலமே தீந்துடும், கெட்டியா இருந்து இன்னாத்துக்கு? நாளைலேருந்து அனுப்புங்க. ஆனா நீங்க மட்டும் கை வெக்காதீங்க!"

மறுநாள் மனைவி கத்தரிக்கோலால் காம்போடு வெட்டி, பழத்தைத் தொடாமலே பெட்டியில் இறக்கினாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த மாதம் முழுக்க ஒரு பெட்டியும் திரும்பவில்லை.

பெட்டிகளை அப்படியே திருப்பி அனுப்பியிருந்தால் பாய்க்கு வேலை மிச்சம். எங்களுக்குத் தோட்டம் போயிருக்கும். வியாபார நேரத்தில் நின்று என் விரலைப் பழத்தில் வைத்துக் காட்டினாரே, அந்த மனசுக்கு நான் எப்போதும் கடன்பட்டவன். வாயைத் திறக்காமல் இருந்த மனைவிக்கும்தான்.

பழம் அடிபட்ட சேதி கேட்டு மறுநாளே குடோனுக்கு அளவெடுக்க வந்த மூத்த மகன், டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "இன்னொரு கத்தரிக்கோல் இருக்குதாம்மா?" என்று கேட்டான்.

இந்த வருஷம் பாய் கடைக்கு முழுக்க ஸ்வீட் சார்லி. கேமரோசா இரண்டு பாத்தி மட்டும், வீட்டு ஜாமுக்கு. அந்த இரண்டு பாத்தியில் நான் இஷ்டத்துக்கு அழுத்திப் பார்க்கலாம் என்று மனைவி உத்தரவு கொடுத்திருக்கிறாள்.