பம்பரில் சிக்கிய வாழை நார்

நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக இருக்கும், ஞாபகமும் முன்னே மாதிரி இல்லை. மன்னிக்கணும்.

ஆயுத பூஜைக்கு எங்கள் பழைய காரின் முன்பக்கம் வாழைக்கன்று கட்டியிருந்தோம். வாடியதும் மாட்டுக்குப் போடலாமென்று நான் பிடித்து இழுத்தேன். பம்பர் ஒரு பக்கம் தொங்கிவிட்டது. பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. மருமகள்தான் கேட்டில் இடித்துவிட்டாள் என்று மகன் இரண்டு நாளாக அவளைத் திட்டினான்.

கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரத்து மெக்கானிக்கிடம் போனோம். ஒல்லியான ஆள், நரைத்த மீசை. ஸ்க்ரூக்களை உதட்டில் கவ்விக்கொண்டே வேலை செய்வார். பேச வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். பம்பருக்குள் கையை விட்டு ஒரு வாழை நாரை உருவினார். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“பாத்தியாண்ணா, எப்டி இடிச்சிக்கினு வந்துக்கீறா!” என்றான் மகன்.

அவர் நிதானமாக ஸ்க்ரூக்களை எடுத்தார். “இடிச்சிருந்தா கீறல் இருக்கணுமே நைனா. கிளிப்பு பழசு, வுட்டுக்கிச்சு. அந்தப் பொண்ண சும்மா பேஜாரு பண்ணாதே.”

நாரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்னை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று இன்னும் விளங்கவில்லை.

இதில் ஏதாவது தப்பிருந்தால் மருமகளே பார்த்துத் திருத்தட்டும். அவளிடம்தான் முதலில் படிக்கக் கொடுக்கப்போகிறேன்.