ஆள் மாறிப் போனதாக நான் சொன்ன கடிதம்

கும்மிடிப்பூண்டியில் மனை விற்கும் ஓர் அலுவலகத்தில் விளம்பரக் கடிதம் எழுதுவது என் வேலை. செல்போனில் அனுப்புவதை யாரும் படிப்பதில்லை, தபாலில் வந்தால் பிரித்தே தீருவார்கள் என்பது முதலாளியின் எண்ணம். மொத்தமாகப் போட்டால் அஞ்சலகத்தில் கட்டணமும் குறைவு. சர்க்காரிலிருந்து வருவது போலப் பழுப்பு உறை வைக்கலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். 'தங்களுக்கு வீட்டுமனை ஒதுக்கப்பட்டுள்ளது. இக்கடிதத்துடன் நேரில் வரவும்' என்ற வரியும் என்னுடையது. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஒரு திங்கட்கிழமை, பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா மூன்று பஸ் மாறி வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு என் மேசை முன் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கடிதத்தோடு ரேஷன் கார்டு, ஆதார் நகல், இலவசப் பட்டாவுக்குத் தாலுகா ஆபீசில் மனு கொடுத்த ரசீது எல்லாவற்றையும் எடுத்து வைத்தார்.

"நாலு வருசமா மனு குடுத்துக்கினே கீறேன் சார். இப்பத்தான் சாமி கண்ணத் தொறந்துச்சி. எங்க கையெழுத்து போடணும்?"

இது மனை விற்கப் போட்ட கடிதம், நான்தான் எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம்.

"இது உங்களுக்கு வந்ததில்லம்மா. தபால்ல ஆள் மாத்திக் குடுத்துட்டாங்க."

"எம்பேருதான போட்டுக்கீது?"

"அதே பேர்ல வேற ஒருத்தங்க."

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் அந்த ஊர்த் தபால்காரப் பெண், கடிதத்திலிருந்த எண்ணுக்குப் போன் செய்தார்.

"சார், அந்தம்மா ஊரே பாக்கறாப்ல சண்ட போட்டுட்டுப் போறாங்க. கதவு நம்பரு மொதக்கொண்டு கரெக்டாதான் இருந்துச்சி. ஊட்ல இல்லன்னு கரும்புக் கொல்லைக்கே போய்க் குடுத்தேன். நான் இன்னா சார் தப்பு பண்ணேன்?"

"உங்க மேல தப்பில்ல" என்றேன். யார் மேல் என்று சொல்லவில்லை.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"அடுத்த மாசமும் கவர் போடுவீங்கல்ல சார்? இப்ப யாரு கடுதாசி எழுதறாங்க? இந்த மாதிரி நாலு வந்தாத்தான் எங்க ஆபீஸ மூடாம வெச்சிருப்பாங்க."

"போடுவோம்" என்றேன்.

அடுத்த மாதக் கடிதத்தில் 'ஒதுக்கப்பட்டுள்ளது' என்ற அந்த வரியை எடுத்துவிட்டேன். முதலாளி ஏனென்று கேட்டதற்கு, பழசாகிவிட்டது என்று சொன்னேன். அந்த அம்மாவைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி, திருவள்ளூர் வரை போனேன். பள்ளிப்பட்டு பஸ் புறப்படத் தயாராக நின்றது. கண்டக்டர் கைகாட்டிக் கூப்பிட்டார். நான் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.