அட்ராக்டா இன்னும் போகவில்லை

அட்ராக்டா கில்மார்ட்டினை ஊர் வழியனுப்பியது ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை. அவள் கிளம்பியது பிப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து மாதமும் அவள் அயர்லாந்தின் கில்கார்னன் கிராமத்திலேயே இருந்தாள். ஊரால் அதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவளுக்கு அறுபத்து நான்கு வயது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள்; சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று வருங்கால ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள். பிறகு ஏழு வருடம் படுத்த படுக்கையாய்க் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைத்ததில் அம்மாவின் முதுகில் கடைசிவரை ஒரு புண் வரவில்லை. அம்மாவை அடக்கம் செய்த மறுவாரம் டப்ளினில் உள்ள ஒரு தொண்டு நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டாள். ஆப்பிரிக்காவில், மலாவியில் ஒரு பயிற்சிக் கல்லூரிக்கு, இரண்டு வருடத்துக்கு, கணக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்றார்கள். ஒரே நிபந்தனை: அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குள் விமானம் ஏறிவிட வேண்டும். அதற்குமேல் காப்பீடு தரமாட்டார்கள். அவள் பிறந்தநாள் பிப்ரவரி பதினொன்று.

வழியனுப்பு விழாவை நடத்தியது கடைக்காரி ஃபிலோமினா ஸ்கான்லன். பூசை, ஊர் மண்டபத்தில் தேநீர், பன்றித் தொடைக்கறி வைத்த சாண்ட்விச், குலுக்கல், பாட்டு. ஃபாதர் லவெல் அரை மணி நேரம் பேசினார். அவர் பேசிய தோரணையில், பின்வரிசையில் இருந்த ஒரு விவசாயி, பாவம், எப்போது இறந்தாள் என்று பக்கத்து ஆளிடம் விசாரித்தார். சக்கரம் வைத்த பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். பெண்கள் அழுதார்கள். அட்ராக்டா தன் நாயை ஃபிலோமினாவின் அண்ணனுக்குக் கொடுத்தாள். பாடகர் குழுவில் இருந்த இடத்தை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை டப்ளினிலிருந்து போன் வந்தது. வேலை அனுமதி இன்னும் வரவில்லை, பயணம் ஒரு வாரம் தள்ளிப்போகிறது என்றார்கள். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னார்கள்.

முதல் வாரம் ஊர் சிரித்தது. மூன்றாவது வாரம் சிரிக்கவில்லை.

"இன்னுமா போகலை?" என்று தபால்காரர் கேட்டார்.

"போனா உங்க கிட்ட சொல்லாம போவேனா?" என்றாள்.

"அதான் சொல்லிட்டீங்களே. பாட்டெல்லாம் பாடினோமே."

அக்டோபரில் பால் வாங்கக் கடைக்குப் போனபோது ஃபிலோமினா கல்லாவுக்குப் பின்னாலிருந்து நேரடியாகவே கேட்டாள்.

"அட்ராக்டா, எனக்கு ஒரு தேதி சொல்லு. ஆளாளுக்கு என்னைப் பிடிச்சுக் கேக்கிறாங்க."

"எனக்கே தெரியாதுடி."

"உனக்காக அழுதிருக்காங்க. மாரி டோலன் ரெண்டு நாள் சாப்பிடலை. இப்ப நீ தினம் வந்து பால் வாங்கிட்டுப் போனா அவளுக்கு எப்படி இருக்கும்?"

"பாலை அவ கண்ணுக்குத் தெரியாம வாங்கணுமா?"

"நான் அப்படிச் சொல்லலை," என்றாள் ஃபிலோமினா. சொல்லாவிட்டாலும் அதுதான் அர்த்தம்.

அட்ராக்டா பதினான்கு மைல் தள்ளியிருந்த பக்கத்து ஊரில் சாமான் வாங்க ஆரம்பித்தாள். கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தெருவில் நாய் எதிர்ப்பட்டால், புது எஜமானர் பார்க்கிறாரா என்று பார்த்துவிட்டு, அவளைத் தெரியாததுபோல் போய்விடும். அவள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. கொடுத்தது கொடுத்ததுதான்.

கிறிஸ்துமஸ் போயிற்று. ஜனவரி ஏழாம் தேதி நாட்காட்டியைப் பார்த்தாள். முப்பத்தைந்து நாள் இருந்தது. டப்ளினுக்கு எட்டு முறை போன் செய்திருந்தாள். எட்டு முறையும் ஒரே இனிமையான குரல் "அடுத்த வாரம்" என்றிருந்தது. மறுநாள் காலை முதல் பேருந்தைப் பிடித்தாள்.

அலுவலகத்தில் நாலு மேசை, நாலு பேர். வரவேற்பில் இருந்த பெண் அவளைப் பார்த்ததும் எழுந்தாள்.

"மிஸ் கில்மார்ட்டின்! இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாமே. அடுத்த வாரம் நாங்களே கூப்பிடுவோம்."

"பரவாயில்லம்மா. நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் அந்த மூலையில உட்கார்ந்துக்கறேன்."

மூலையில் ஒரு நாற்காலி இருந்தது. உட்கார்ந்து, கோட்டைக் கழற்றாமல், பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்தாள். பிறகு யாரிடமும் பேசவில்லை. முப்பத்தோரு வருடம் அவள் செய்த வேலை இதுதான்: வகுப்பின் பின்னால் உட்கார்ந்து, நடப்பதை எழுதுவது. பயிற்சி மாணவர்களில் சிலர் அந்தப் பேனாச் சத்தத்திலேயே வாய்ப்பாட்டை மறந்திருக்கிறார்கள்.

பத்தரைக்கு ஒருவன் தேநீர் போடப் போனான். அவள் எழுதினாள். பத்தே முக்காலுக்குத் திரும்பி வந்தான். அதையும் எழுதினாள். அவன் பாதித் தேநீரை வைத்துவிட்டுத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தான். பதினொன்றரைக்கு யாரும் யாரோடும் பேசவில்லை. பன்னிரண்டு மணிக்கு உள்ளறையிலிருந்து நிர்வாகி வந்தார்; நாற்பது வயது, கழுத்தில் கம்பளித் துண்டு.

"மேடம், நீங்க என்ன எழுதறீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"நடக்கிறதைத்தான்."

"யாருக்கு?"

"அதை இன்னும் முடிவு பண்ணலை."

நிர்வாகி நாலு மேசையையும் பார்த்தார். "இவங்க ஃபைல் எங்கே?" என்று கேட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் அலமாரிகளைத் திறந்தார்கள். ஆகஸ்டில் பிரசவ விடுப்பில் போன ஒருத்தியின் மேசை இழுப்பறையில், ஒரு பிஸ்கட் பொட்டலத்துக்கு அடியில், அட்ராக்டாவின் சான்றிதழ்கள் முத்திரை ஒட்டின உறையில் அப்படியே இருந்தன. வேலை அனுமதிக்கு யாரும் விண்ணப்பிக்கவே இல்லை.

வரவேற்புப் பெண் அழுதாள். "உக்காரும்மா, தண்ணி குடி," என்றாள் அட்ராக்டா. "இன்னிக்கே அனுப்பிடுவீங்கல்ல? ரசீதைப் பார்த்துட்டு நான் கிளம்பறேன்."

அனுமதி பிப்ரவரி ஐந்தாம் தேதி வந்தது. டிக்கெட் எட்டாம் தேதிக்குப் போட்டார்கள். அட்ராக்டா கடைக்குப் போய்ச் சொன்னாள்.

ஃபிலோமினா கல்லாவை மூடினாள். "நிஜமாவா?"

"வெள்ளிக்கிழமை."

"இன்னொரு விழா எடுக்க முடியாதுடி. யாரும் வரமாட்டாங்க."

"நான் கேக்கலையே."

"ஏர்போர்ட்டுக்கு நான் கொண்டுவிடறேன். நீ போயிட்டேன்னு கண்ணால பார்த்த ஒரு ஆளாவது ஊருக்கு வேணும்."

சொன்னபடி செய்தாள். பாதுகாப்புச் சோதனை வாசலைத் தாண்டி அட்ராக்டா கண்ணுக்கு மறையும்வரை, கையை ஆட்டாமல், சாட்சிபோல நின்றாள்.

மலாவியில் கல்லூரி முதல்வர் திரு. கோண்ட்வே அவளைப் பேருந்து நிலையத்துக்கே வந்து அழைத்துப்போனார். ஓட்டு வீடு, கொசுவலை, தண்ணீர் வாளி எல்லாம் சரியாக இருந்தன. அவர் மட்டும் ஏதோ தர்மசங்கடத்தில் இருந்தார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். உங்க வரவேற்பு விழா முடிஞ்சுபோச்சு."

"எப்போ?"

"செப்டம்பர்ல. கோழி அறுத்தாச்சு, சமைச்சாச்சு, மாவட்ட அதிகாரி வந்து உக்காந்துட்டார். அப்புறம்தான் நீங்க வரலைன்னு தகவல் வந்துச்சு. சோளக்களியைத் திருப்பி மாவாக்க முடியாதுல்ல?"

"முடியாது. அப்போ என் நாற்காலியில யார் உக்காந்தது?"

"விவசாய ஆசிரியர். உங்க சார்பா நன்றியுரையும் அவர்தான் சொன்னார். நல்லாவே பேசினார். நாங்க எல்லாரும் உங்களை ரொம்ப மதிக்கிறோம்."

"என் பேர்ல அவர் என்ன வாக்குக் கொடுத்தார்?"

கோண்ட்வே சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். முதலாண்டு மாணவர்கள் நூற்றெண்பது பேருக்கும் கணக்கு, இரண்டாமாண்டுக்கும் கணக்கு, சனிக்கிழமை சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி. விடுதிப் பெண்களுக்கு நெட்பால் விளையாட்டுப் பயிற்சி.

"நெட்பால் வேண்டாம்," என்றாள் அட்ராக்டா. "மத்ததை வெச்சுக்கறேன். முதல் வகுப்பு எத்தனை மணிக்கு?"

"ஏழரைக்கு. ஆனா நாளைக்கு நீங்க ஓய்வெடுங்க, மேடம். மூணு நாள் பயணம்."

"அஞ்சு மாசம் ஓய்வுதான்," என்றாள். "சாக்பீஸ் எங்கே இருக்கு?"