முன்வாசல் மூட்டை, பின்வாசல் மூட்டை

கடலுக்கடியில் நீந்திப் பார்க்கப் பாண்டிக்குப் போகிற நானும் என் மனைவி கவிதாவும் மரக்காணம் பேருந்து நிலையத்தில் நிற்கிறோம். பக்கத்தில் உப்பளத்தில் வேலை செய்யும் கன்னியம்மாள், கணவரோடு. மழையில் உப்பளம் நின்றுவிட்டதால் இருவரும் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். அங்கே நடத்தப்போகும் மூன்று மாதக் குடித்தனம் இரண்டே மூட்டைகளில் அடங்கிவிட்டது. ஒன்றைக் கன்னியம்மாள் அவிழ்த்துச் சரிசெய்கிறார்: கைலிக்குள் சுருட்டிய புடவை, குண்டானுக்குள் டம்ளர், டம்ளருக்குள் மிளகாய்த்தூள் பொட்டலம். எங்கள் இரண்டு நாள் சாமான் இதைவிடப் பெரிது.

“இதுல உங்க மூட்டை எதுங்க?” என்கிறேன்.

“ரெண்டுலயும் ரெண்டு பேர் துணியும் இருக்குதுங்க. பஸ்ல நான் முன்னாடி ஏறுவேன், அவரு பின்னாடி. ஒண்ணு தொலைஞ்சாலும் ரெண்டு பேருக்கும் மாத்துத்துணி இருக்கும்ல?”

இத்தனை ஊர் சுற்றியும் எங்களுக்கு இது தோன்றியதில்லை. அங்கேயே எங்கள் இரண்டு பைகளையும் திறந்து எல்லாவற்றையும் பாதிப் பாதியாக மாற்றி அடுக்குகிறேன். அதே வேகத்தில், காலில் மாட்டி நீந்தும் என் ரப்பர் துடுப்புகளையும் பைக்கு ஒன்றாகச் செருகுகிறேன்.

கன்னியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

“ஏங்க, அந்தச் செருப்புல ஒண்ணு தொலைஞ்சா, இன்னொண்ண வெச்சு என்ன பண்ணுவீங்க?”