கரண்டுக் கம்பத்தில் கட்டிய பாவு

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நாற்பதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்து, நானும் அம்மாவும் அம்மாபேட்டையில் ஒரு நெசவாளர் தெருவில் வாடகைக்குக் குடிவந்திருந்தோம். மேல்வகுப்புப் பெண்களுக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அந்தத் தெருவில் கிறிஸ்தவக் குடும்பம் நாங்கள் மட்டும்தான். தறி இல்லாத வீடும் எங்களுடையது மட்டும்தான். இரண்டாவது விஷயம்தான் அவர்களுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

"ஏனுங்க, ஊட்டுக்குள்ள தறிச் சத்தமே இல்லாம எப்படிங்க தூக்கம் வருது?" என்று வந்த அன்றே கேட்டவர் எதிர்வீட்டு அக்கா. என்னைவிடச் சில வயது மூத்தவர். நல்ல உழைப்பாளி, அதைவிட நல்ல வாயாடி. அவருடைய கணவரை நான் அண்ணன் என்பேன். அவர் நேர்மாறு. காலையிலிருந்து மாலை வரை தறியில் உட்கார்ந்திருப்பார், வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. அவருக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவார்.

விடியற்காலையில் அந்தத் தெரு பாவுக்குச் சொந்தம். நெசவுத் தெருவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். துணியில் நீளவாக்கில் ஓடும் நூல்களுக்குத்தான் பாவு என்று பெயர். தறியில் ஏற்றுவதற்கு முன் அத்தனை நூலையும் ஒன்றாகச் சேர்த்து, தெரு நீளத்துக்கு விரித்து, இரு முனைகளையும் கயிறு போட்டு முளையில் இழுத்துக் கட்டுவார்கள். பிறகு கஞ்சி தடவி, பெரிய பிரஷ்ஷால் நீவி நீவி, வெயில் ஏறுவதற்குள் உலர்த்தி எடுக்க வேண்டும். ஒரு வீட்டுப் பாவுக்கு அக்கம்பக்கத்து வீட்டார் எல்லாரும் கை கொடுப்பார்கள். எந்த வண்டியும் அந்த நேரத்தில் உள்ளே வராது. கலெக்டரே வந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

நான் காலைப் பூசைக்குப் போக அந்தப் பாவின் அடியில் குனிந்து நுழைய வேண்டியிருக்கும். முந்தானை நூலில் பட்டுவிட்டால் போச்சு. "குனிங்க டீச்சரம்மா, இன்னும் நல்லாக் குனிங்க! கோயில்ல போய்க் குனியறதுக்கு இங்கயே பழகிக்குங்க" என்று அக்கா கையில் பிரஷ்ஷோடு குரல் கொடுப்பார். தெருவே சிரிக்கும். புளித்த கஞ்சி வாசனையும் அந்தச் சிரிப்பும் சேர்ந்துதான் எனக்கு அந்த நாட்களின் காலைப்பொழுது.

அந்தத் தெருவுக்குக் கரண்டு வந்தபோது யாரும் கொண்டாடவில்லை. பாவு நீட்டுகிற இடத்தில் கம்பத்தை நட்டுவிட்டார்களே என்று புலம்பித் தீர்த்தார்கள். ஆனால் கொஞ்ச நாளிலேயே அந்தக் கம்பம் பிடித்துப் போய்விட்டது. காரணம், கம்பம் சாயாமல் இருக்க அதன் உச்சியிலிருந்து சரிவாக இறக்கித் தரையில் புதைத்திருந்த இரும்பு இழுகம்பி. பாவுக் கயிற்றைக் கட்ட அதைவிட உறுதியான முளை கிடைக்குமா? அவர்கள் அடித்த மரமுளைகள் மழை பெய்தால் ஆட்டம் கண்டுவிடும். இந்தக் கம்பி அசையவே அசையாது. "சர்க்காரு நமக்குன்னே நட்டுக் குடுத்திருக்குது" என்று அக்கா பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

மின்விளக்கு முதலில் வந்தது நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு. மண்ணெண்ணெய் கிடைக்காமல் எல்லாரும் திண்டாடிய நேரம் என்பதால் வீட்டுக்கார முதலியார் செலவைப் பார்க்காமல் ஒரே ஒரு பல்பு போட்டுக் கொடுத்தார். அது எரிந்ததும் அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். பார்க்க வந்திருந்த அக்கா, விளக்கேற்றினால் கும்பிடுவதுபோல் பல்பைப் பார்த்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் கேள்வி வந்துவிட்டது.

"ஏனுங்க டீச்சரம்மா, கரண்டு வர்றதுக்கு ஒரு கம்பி போதாதுங்களா? எதுக்கு ரெண்டு?"

என் வகுப்பில் ஒரு பெண்ணும் அதுவரை கேட்காத கேள்வி அது. எனக்கு ஒரே உற்சாகம். மறுநாள் பள்ளியிலிருந்து டார்ச் செல் ஒன்றும் குட்டி பல்பும் கொஞ்சம் கம்பியும் கொண்டுவந்து எங்கள் வாசலில் உட்கார்ந்தேன். மின்சாரம் ஒரு பக்கம் புறப்பட்டால் மறுபக்கம் திரும்பி வந்து சேர வேண்டும், வழி எங்காவது அறுந்தால் ஓட்டம் நின்றுவிடும் என்று கம்பியைச் சேர்த்தும் பிரித்தும் காட்டினேன். அக்கா சட்டென்று பிடித்துக்கொண்டார். "தறியில நூலை இழுத்துக்கிட்டு நாடா அந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் திரும்பி வந்தாத்தானுங்க துணி. அது மாதிரி" என்றார். நான் பல நாள் பாடுபட்டு வகுப்பில் சொல்வதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். இரண்டாவது கம்பி இல்லாவிட்டால் மண்ணே கம்பியாகிவிடும், கரண்டுக் கம்பியைத் தொட்டால் மின்சாரம் ஆள் உடம்பு வழியாக மண்ணுக்குள் இறங்கித் திரும்பிப் போகும் என்றேன். அக்கா நம்பவில்லை. செய்து காட்டச் சொன்னார். இரண்டு கம்பி முனைகளையும் ஈரமண்ணில் செருகினேன். பல்பு எரியவில்லை. ஈர நூலை இடையில் வைத்துப் பார்த்தோம். அப்போதும் எரியவில்லை. மண்ணும் நூலும் மின்சாரத்தைத் தடுக்கும், இந்தச் சின்னச் செல்லுக்கு அந்தத் தடையை மீறித் தள்ளுகிற வலு இல்லை, கம்பத்தில் வருவதற்கு அந்த வலு எக்கச்சக்கமாக இருக்கிறது என்று விளக்கினேன்.

"எரிஞ்சா ஒரு காரணம், எரியாட்டி ஒரு காரணம். நீங்க பொழைச்சுக்குவீங்க டீச்சரம்மா" என்று சிரித்துக்கொண்டே அக்கா எழுந்து போனார். பாவுக் கயிறு வழக்கம்போல இழுகம்பியில்தான் கட்டப்பட்டது.

அப்புறம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நாள்கணக்கில் தெருவில் யாரும் பாவு போட முடியவில்லை. ஒருநாள் வானம் வெளுத்தது. விட்டால் கிடைக்காது என்று அக்கா வீட்டுப் பாவைத்தான் முதலில் நீட்டினார்கள். நான் பூசை முடிந்து திரும்பி வரும்போது பாதித் தெருவுக்குக் கஞ்சி தடவியாகிவிட்டது. அக்கா நடுவில் நின்று நீவிக்கொண்டிருந்தார். அண்ணன் கம்பத்தடியில், கயிறு தொய்ந்திருந்ததால் இறுக்கிக் கட்டப் போயிருந்தார். வெறுங்கால். தரையெல்லாம் நசநசவென்று ஈரம்.

திடீரென்று பாவு முழுவதும் நடுங்கியது. யாரோ விளையாட்டுக்கு ஆட்டுகிறார்கள் என்று நினைத்து, "யாரு அது?" என்று அக்கா அதட்டிக்கொண்டே திரும்பினார். அண்ணன் ஒரு கையால் இழுகம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். பிடித்த கை விடவில்லை. உடம்பு உதறிக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. எப்போதும் பேசாத மனிதர் என்பதால் பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. கம்பி, கை, உடம்பு, ஈரமான கால், மண். வழி பூர்த்தியாகிவிட்டது.

அக்கா பிரஷ்ஷை வீசிவிட்டு, "ஐயோ!" என்று ஓடினார். புருஷனைக் கட்டிப்பிடித்து இழுக்கத்தான் ஓடினார். யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். கைபட்டால் அவரும் அதே வழியில் ஒரு கண்ணியாகிவிடுவார். நான் ஜெபப் புத்தகத்தைப் போட்டுவிட்டுக் குறுக்கே பாய்ந்து அவர் இடுப்பைப் பிடித்தேன். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். அவர் என்னைவிடப் பலசாலி. என்னை அடித்தார், கிள்ளினார், என் கையைக் கடித்தும்விட்டார். "உடுங்க! அவரு சாவறாருங்க, உடுங்க!" என்று கத்தினார். பாவைப் பிடித்திருந்தவர்கள் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். கஞ்சி போட்ட பாவைத் தரையில் விட அவர்கள் கைக்குத் தெரியவில்லை. ஒரு பெண் தன் புருஷனைக் காப்பாற்றப் போகிறாள், இந்த டீச்சர் பைத்தியம்போல அவளைப் பிடித்து உருட்டுகிறாளே என்றுதான் அவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

"அக்கா, தொட்டா நீங்களும் போயிடுவீங்க! உலக்கை! காஞ்ச உலக்கை எடுத்துட்டு வாங்க!" என்று அவர் முகத்துக்கு நேராகக் கத்தினேன்.

அக்கா என்னைப் பார்த்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட இருக்காது. அந்தப் பார்வையை நான் யாரிடமும் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அப்புறம் அவர் எழுந்தார். துடித்துக்கொண்டிருந்த கணவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் வீட்டுக்குள் ஓடினார்.

கதவோரம் சாத்தியிருந்த உலக்கையோடு அவர் திரும்பி வந்தபோது, "நடுவுல மரத்தைப் பிடிங்க, இரும்புப் பூண்ல கை வேண்டாம்! கையில அடிங்க!" என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். அடித்தார். நெல் குத்திக் குத்தி உரமேறிய கை அது. முதல் அடியில் விடவில்லை. இரண்டாவது அடியில் அண்ணன் கை கம்பியிலிருந்து தெறித்து விலகியது. அவர் மல்லாந்து விழுந்தார். பாதி கட்டியிருந்த கயிறு உருவிக்கொண்டு, பாவு மொத்தமும் சேற்றில் படுத்தது.

முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், உள்ளங்காலைத் தேய்த்தார்கள். மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் கண்ணைத் திறந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் கேட்டார்.

"பாவு என்னாச்சு?"

"பாவாம் பாவு! நாசமாப் போன பாவு!" என்று அக்கா அவர் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவிலேயே சிரித்தும்விட்டார். தெருவும் சேர்ந்து சிரித்தது, சேர்ந்து அழுதது. அம்மா வந்து என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்.

கரண்டு ஆபீசிலிருந்து வந்த ஆள் மேலே ஏறிப் பார்த்தார். தினமும் பாவை இழுத்துக் கட்டிய இழுப்பில் இழுகம்பியைக் கம்பத்து உச்சியில் பிணைத்திருந்த சுற்று கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, மின்சாரம் ஓடும் கம்பியைத் தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது; அண்ணன் கயிற்றை இறுக்கியபோது நன்றாக ஒட்டிவிட்டது. மண் காய்ந்திருந்த வரை பெரிதாகத் தெரியவில்லை. மழைக்கு முன்பே இழுகம்பியைத் தொட்டால் விரல் சுருக்கென்றது என்று இரண்டொருவர் அப்புறம் சொன்னார்கள். கஞ்சி பட்ட கையில் அரிப்பு என்று நினைத்தார்களாம். "இது என்ன மாடு கட்டற முளையா?" என்று அந்த ஆள் தெருவையே திட்டித் தீர்த்தார். அன்றே ஆண்களெல்லாம் சேர்ந்து இரண்டு முனையிலும் கல் நட்டார்கள். சேற்றில் விழுந்த பாவைத் தெருவே கூடி அலசி, சிக்கெடுத்து, மறுபடியும் கஞ்சி போட்டு உலர்த்திக் கொடுத்தது. யாரும் கூப்பிடவில்லை, அவர்களாகவே வந்தார்கள்.

அண்ணனுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டு, அது கூடிய பிறகு பழையபடி தறியில் உட்கார்ந்தார். புருஷனை உலக்கையால் அடித்தவள் என்று தெருவில் அக்காவுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. அவரும் சளைக்கவில்லை. குழம்பு சரியில்லை என்று அண்ணன் முகம் சுளித்தால், "உலக்கை கதவோரந்தான் இருக்குது" என்பாராம். என் கையில் அவருடைய பல் பதிந்த தழும்பைப் பார்க்கும்போதெல்லாம், "கோயிலுக்குப் போற கையி, கடிச்சுப்புட்டேன்" என்று தடவிக் கொடுப்பார்.

நெடுநாள் கழித்து, எனக்குக் கல்யாணமாகி அந்தத் தெருவை விட்டுக் கிளம்புகிற சமயம், மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "அக்கா, அன்னைக்கு நான் சொன்னதை எப்படி நம்பினீங்க?"

அக்கா யோசிக்கவே இல்லை. "நம்பறதுக்கு நேரம் எங்கீங்க இருந்துச்சு? உங்க மூஞ்சியப் பாத்தேன். எம் புருசன் சாவக்கூடாதுன்னு என்னளவுக்கு நீங்களும் தவிச்சீங்க. ஓடிட்டேன்."

மின்சாரத்தைப் பற்றி எத்தனையோ பெண்களுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைக்காக, உயிருக்குத் துடிக்கும் கணவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் ஓடினாளே, அந்த ஓட்டத்தை நினைத்தால், இன்றைக்கும் யாருக்காவது ஒரு வார்த்தை சொல்வதற்கு முன் அது உண்மைதானா என்று என்னை நானே ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.