ஊமை மணி

வார்டில் மணியடித்தால் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடியோடியே காலத்தை ஓட்டிய நர்ஸம்மாவின் வீட்டில், அழைப்பு மணி ஊமையாகிக் கிடந்தது. யாராவது வந்து அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார்கள் என்று அவராகவே மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார். தெருமுனை எலக்ட்ரீஷியன் வந்து, ஒயரை மாற்றி, மணியைக் கணீரென்று ஒலிக்க வைத்துவிட்டுப் போனான். அதோடு அந்தச் சாக்கும் போயிற்று. வாசலை ஒரு ஈ காக்காகூட எட்டிப் பார்க்கவில்லை.

"பாவி, இவ்வளவு நல்லாவா ரிப்பேர் பண்ணுவான்!" என்று அவனைத் தனக்குள்ளேயே திட்டிக்கொண்டார்.

ஒரு மாலை மணி அடித்தது. வெறுங்காலோடு ஓடிக் கதவைத் திறந்தார். எலக்ட்ரீஷியன்தான் நின்றான்.

"ஒண்ணுமில்லம்மா, இந்தப் பக்கமா வந்தேன். அடிக்குதான்னு பாத்தேன்."

"அடிக்குதுப்பா. ஆனா இதை நம்ப முடியாது. நாளைக்கும் வந்து பாரு."